புது வீட்டுக்கு எந்த அடுப்பு

எங்கள் வீட்டில் சமைப்பவர் என் கணவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு அடுப்புக்காக நான் ஏன் அத்தனை நாள் அவரோடு மல்லுக்கு நின்றேன் என்று படிப்பவர்களுக்குப் புரியாது. எனக்குச் சாப்பிடத் தெரியும், குறை சொல்லத் தெரியும். ரசம் வை என்றால் ரசமும் இல்லாமல் சாம்பாரும் இல்லாமல் ஏதோ ஒன்றை வைப்பேன். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, நான் வேங்கிக்காலில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கு அவசர அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்.

"இனிமே இந்த டிபார்ட்மென்ட் என்னுது. நீ உன் ஆபீசப் பாத்துக்கோ" என்றார்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

டிப்போவில் அவருடைய மூக்கு பேர் போனது. வண்டி ஷெட்டுக்குள் நுழையும்போதே கிளட்ச் தேய்கிறதா, பிரேக் கருகுகிறதா என்று சொல்லிவிடுவாராம். அந்த மூக்கை அப்படியே சமையலறைக்குக் கொண்டுவந்தார். மிளகாய் எந்த நொடியில் வறுபட்டது, பருப்பு எந்த நொடியில் சிவந்தது என்று ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டே சொல்வார். ஆறே மாதத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் அவர் சாம்பாருக்காகவே எங்கள் வீட்டு வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

பிறகு கொரோனா வந்தது. இருவரும் ஒன்றாகவே காய்ச்சலில் படுத்தோம். எனக்குப் போன வாசனை மூன்றாவது வாரம் திரும்பி வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். தினமும் காலையில் காபிப்பொடி டப்பாவைத் திறந்து மூக்கருகில் வைத்து மூடுவார். ஒரு வருடம் அப்படிச் செய்தார். ஒருநாள் நிறுத்திவிட்டார்.

"யார்கிட்டயும் சொல்லாத" என்பது மட்டும் அவருடைய கட்டளை. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளுக்குக்கூடச் சொல்லக் கூடாது. "மூக்கு செத்தவன் சமையல்னு தெரிஞ்சா எவன் ரெண்டாவது வாட்டி சாம்பார் கேப்பான்" என்று காரணமும் சொன்னார். உப்பும் புளிப்பும் காரமும் நாக்குக்குத் தெரிந்தன. மற்றதையெல்லாம் காதாலும் கண்ணாலும் பார்த்துக்கொண்டார். கடுகு வெடிக்கும் சத்தம், வெங்காயத்தின் நிறம், தீயின் அளவு. வாசனையே தெரியாத மனிதர் தாளிக்கிறார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு கச்சிதம்.

எனக்கு இருந்தது வேறு கவலை. கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது. நான் ஆபீசில் இருக்கும் நேரம் முழுவதும் அவர் தனியாகத்தான் வீட்டில் இருக்கிறார். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் குடியிருந்த வாடகை மாடி வீட்டின் சமையலறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கும். தினமும் கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை அவருக்குத் தெரியாமல் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவேன். அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார். ஆபீசில் ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்த ரெகுலேட்டர் ஞாபகம் வரும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

இப்படி இருக்கும்போதுதான் வேங்கிக்காலில் வாங்கிப்போட்ட மனையில் வீடு எழும்பியது. சுவர் வந்து, கூரை போட்டு, பூச்சு வேலைக்கு நின்றது. வயரிங் வேலையை ஒரு பாயிடம் கொடுத்திருந்தோம். அவருடைய குடும்பம் பல தலைமுறையாக இந்த ஊர்க் குடும்பம். அவர் அப்பாவும் இதே தொழில்தான். ஊரில் பாதி வீட்டுக்கு எந்தச் சுவருக்குள் எந்த ஒயர் ஓடுகிறது என்று வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு சாயங்காலம் சாக்பீசும் கையுமாகச் சமையலறைச் சுவர் முன்னால் நின்றார்.

"அக்கா, அடுப்பு கேஸா கரண்டா, அத மட்டும் சொல்லிடுங்க. கரண்ட்னா மெயின்லருந்து தனி லைன் இழுக்கணும். ஒயரும் தடிமனா போடணும். பூச்சு பூசிட்டா அப்புறம் செவுத்த ஒடைக்கணும்."

"கரண்ட்" என்றேன் நான்.

"கேஸ்" என்றார் கணவர்.

பாய் இரண்டு பேரையும் பார்த்தார். "கிச்சன் பூச்ச கடைசில வெச்சுக்கலாம். அவசரம் இல்ல" என்று சாக்பீசைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குடும்பங்களின் வயரிங்கும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் பார்த்து எங்கள் புது வீட்டுத் தெருவைத் தோண்டினார்கள். மஞ்சள் குழாயைப் பதித்துக்கொண்டே போனார்கள். இனி வேங்கிக்காலில் சிலிண்டர் வேண்டாம், குழாயிலேயே கேஸ் வரும் என்று பேச்சு. கேஸ் கம்பெனியிலிருந்து ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். மணல் குவியல் மேல் நின்றபடியே விளக்கினார். புக் பண்ண வேண்டாம், தூக்க வேண்டாம், பாதிச் சமையலில் தீர்ந்துபோய்க் கையைப் பிசைய வேண்டாம். என் கணவரின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"கசிஞ்சா என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"பயமே வேணாம் மேடம். இது காத்த விட லேசு. ஜன்னல் தொறந்திருந்தா மேலால போயிடும். அதுவும் இல்லாம நாங்க வாசன கலந்துதான் அனுப்புறோம். துளி கசிஞ்சாலும் மூக்கு சொல்லிடும்."

நான் செங்கல் அடுக்கைப் பார்த்தேன். அவர் விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தார். "நல்ல ஏற்பாடுதான்" என்று சொல்லிப் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் பக்கம் பேச ஆளுக்குக் குறைவில்லை. முதல் ஆள் அவருடைய அண்ணன், என் மச்சாண்டார். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் பெரிய அடுப்பு இரண்டு போட்டு, இட்லியும் பொங்கலும் விற்பார். மற்ற நாளில் நிலத்தைப் பார்ப்பார். மெதுவாகப் பேசுவது அவர் வழக்கத்திலேயே கிடையாது.

"மல மேல தீபம் ஏத்துற ஊர்ல, ஊட்டுக்குள்ள தீ இல்லாம ஒரு ஊடா? மாசத்துல ஒருநாள் பராமரிப்புன்னு கரண்ட புடுங்குறான். அன்னிக்கு என்னா பண்ணுவ? வெயில்ல தோச ஊத்துவியா?" என்று தம்பியைக் கேட்பது போல என்னைக் கேட்டார்.

"அன்னிக்கு உங்க வீட்டுக்கு வந்துடறோம் மாமா" என்றேன்.

"வாங்க, வாங்க. எங்க ஊட்டுல கேஸ்தான்" என்றார். அந்தச் சுற்றில் தோல்வி எனக்குத்தான்.

நான் நிஜமான காரணத்தைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களையும் சொன்னேன். மின் அடுப்பு என்றால் சமையலறையில் அனல் அடிக்காது. பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்காது. ஒரு துணியால் துடைத்தால் போதும்.

"அடுப்பத் தொடைக்கிறது யாரு, நீயா நானா?" என்று கேட்டார். அவர்தான்.

"பெங்களூர்ல நம்ம பொண்ணு வீட்டுல அதுதானாம்" என்றேன்.

"அவ பீன்ஸ வேக வெச்சு அப்படியே திங்கறா. அதுக்கு எந்த அடுப்பா இருந்தா என்ன?"

ஒருநாள் புது வீட்டில், பூசாத அந்தச் சமையலறையில் நின்றபடி இதையே மறுபடியும் ஆரம்பித்தோம். மேடை எங்கே, சிங்க் எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"நீ ஏன் கேக்கறேன்னு எனக்குத் தெரியாதா? நான் தீயப் பாத்துதான் சமைக்கறேன். சின்னதா வெச்சா இவ்ளோ, பெருசா வெச்சா இவ்ளோன்னு கண்ணு சொல்லுது. மூக்குதான் போச்சு. கண்ணையும் கட்டிக்கிட்டு சமைன்றியா?"

அத்தனை நாளும் அவர் உயிரை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தேன். அவர் கைத்திறமை ஒரு மெல்லிய நீலத் தீயைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதற்காகப் பயம் போய்விடவில்லை.

பாய்தான் வழி சொன்னார். உண்மையை அவரிடம் சொல்ல முடியாதே. "அவருக்கு ஞாபக மறதி ஜாஸ்தி, அடுப்ப அணைக்க மறந்துடறாரு" என்று புளுகினேன். கேஸ் கசிந்தால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, பிளக்கில் சொருகினால் போதும் என்றார். வாடகை வீட்டில் வைத்துப் பார்ப்போம், ஒழுங்காக வேலை செய்தால் புது வீட்டுக்குக் குழாய் கேஸே இருக்கட்டும் என்று நானும் கணவரும் உடன்பட்டோம். பூரி அளவில், வெள்ளை நிறத்தில் ஒரு பெட்டி. பச்சை விளக்கு எரிந்தது. கணவருக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது. "எனக்குப் புது மூக்கு" என்று பெயரே வைத்தார். எனக்கும் பல மாதங்களுக்குப் பிறகு ஆபீசில் வேலை ஓடியது.

வெள்ளிக்கிழமை வந்தது.

வெள்ளி சாயங்காலம் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவது நான் தவறாமல் செய்கிற ஒன்று. தேங்காய்ச் சிரட்டையை அடுப்பில் கனல வைத்து, தூபக்காலில் போட்டு, மேலே சாம்பிராணித் தூளைத் தூவினால் புகை ஆளை மறைக்கும். அதைப் பூஜை அலமாரியில் காட்டி, ஹாலில் காட்டி, சமையலறைக்குள் நுழைந்தேன். அந்தப் பெட்டி கத்திய கத்தலில் தூபக்காலைக் கீழே போடாமல் இருந்ததே பெரிய விஷயம். கீழ் வீட்டு அம்மா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடிவந்தார். கணவர் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் அமைதியானது.

"கேஸுக்குக் கத்துன்னா சாமிக்குக் கத்துதே" என்று கீழ் வீட்டு அம்மா சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்குவது, புகை அடங்கிய பிறகு சொருகுவது. இரண்டு வெள்ளி ஒழுங்காக நடந்தது. மூன்றாவது வெள்ளி பிடுங்கியது நான். அதே நேரத்தில் மகள் போன் செய்தாள். பேசிக்கொண்டே தூபம் காட்டினேன், பேசிக்கொண்டே தூபக்காலை மொட்டை மாடியில் வைத்தேன், பேசிக்கொண்டே படுக்கப் போனேன்.

மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸ் லீவு. காலையில் புது வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். மாடிப்படியில் கால் வைத்ததுமே அழுகிய முட்டைக்கோஸ் போன்ற அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. சமையலறையில் அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டி, பாட்டை முணுமுணுத்தபடி புளி கரைத்துக்கொண்டிருந்தார். ஒரு பர்னரில் பருப்பு பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. குமிழ் திறந்தே இருந்தது. அவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, அடுத்த பர்னரைப் பற்ற வைக்க லைட்டரை எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்று நான் கத்தியது கீழ் வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது.

அவர் கை அப்படியே நின்றது. நான் குமிழை மூடினேன், ரெகுலேட்டரை மூடினேன், ஜன்னலைத் திறந்தேன், எந்த சுவிட்சையும் தொடாமல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். கீழ் வீட்டு அம்மாவையும் வெளியே கூப்பிட்டேன். வேப்பமரத்தடியில் நின்றோம். முதலில் அவர் மேல்தான் கோபம் வந்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் பிளக்கைப் பிடுங்கியது யார் என்று ஞாபகம் வந்தது.

"நிறைய இருந்துச்சா?" என்று கேட்டார்.

"படிக்கட்டு வரைக்கும்."

அவர் ஒரு முறை மூச்சை நன்றாக உள்ளே இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்பது போலத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"பொட்டிய நான்தான் சொருகல. நேத்து மறந்துட்டேன்" என்றேன்.

"விடு. உன் தப்பும் இல்ல, என் தப்பும் இல்ல. பிரேக் புடிக்காத வண்டிக்கு ஆரன் மட்டும் மாத்தி ஓட்டிக்கிட்டு இருந்திருக்கோம்." என் கைப்பையைக் காட்டினார். "பாய்க்கு போன் பண்ணு. தனி லைன் இழுக்கச் சொல்லு. ஆனா ஒரு மாசம் டைம் குடு. நான் கத்துக்கணும். அப்புறம் ஒரு கண்டிஷன். யாராவது ஏன்னு கேட்டா, பொண்ணு ஆசப்பட்டான்னு சொல்லணும்."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அந்த நிமிடத்தில் சூரியன் மேற்கே உதிக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

மறுநாளே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாடகை வீட்டு மேடையில் உட்கார்ந்தது. அதில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் சூடாகும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த வாழைப்பழக் காந்தப் பொம்மையை எடுத்துக்கொண்டு கணவர் பாத்திரம் பாத்திரமாகப் போனார். ஒட்டியது பாஸ், ஒட்டாதது ஃபெயில். அலுமினிய வாணலி ஃபெயில். தோசைக்கல் பாஸ். ஈயச் சொம்பு ஃபெயில் ஆனபோது மட்டும் இரண்டு முறை வைத்துப் பார்த்தார், எங்காவது ஒட்டாதா என்று. கடைசியில் எவர்சில்வர் பாத்திரத்தில் ரசத்தைக் கொதிக்க வைத்து ஈயச் சொம்பில் ஊற்றிக்கொள்வது என்று சமாதானத்துக்கு வந்தார்.

முதல் வாரம் நாங்கள் சாப்பிட்டதை வெளியில் சொல்ல முடியாது. எண்ணெய் காய்ந்ததே தெரியாமல் கடுகைப் போட, அது ஒரு நொடியில் கரியானது. பொங்கல் அடி பிடித்தது. அடி பிடித்ததும் அவருக்குத் தெரியவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "நல்லா இருக்கு" என்பேன். "பொய் சொன்னா தட்டப் புடுங்கிடுவேன்" என்பார். "கருகிப்போச்சு" என்பேன். அதற்கும் முறைப்பார்.

இரண்டாவது வாரம் ஒருநாள் ஆபீசிலிருந்து வந்தபோது, அடுப்பில் இரும்பு வாணலி இருந்தது, அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். இஞ்சின் மேல் குனிந்து நிற்கிற அதே நிற்பு.

"இங்க வா. கேஸுல தீ உஸ்ஸுனு கத்திக்கினே இருக்கும். இதுல அது இல்ல. அதனால எண்ணெய் பேசறது தனியா கேக்குது. இப்பப் பாரு, சத்தம் மாறப் போவுது" என்றார்.

எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. அவர் கடுகைப் போட்டார். அது அழகாக வெடித்தது. அன்றைய சாம்பாரை நான் மூன்று முறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அப்பளம் சுட முடியாது, கத்திரிக்காய் சுட முடியாது. அந்தத் துக்கத்தை மட்டும் இன்றுவரை கொண்டாடுகிறார்.

புதுமனை புகுவிழாவுக்கு விடியற்காலையிலேயே உறவுக்கூட்டம் சேர்ந்துவிட்டது. பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். பாயும் வந்திருந்தார். ஹோமம் முடிந்தது. அடுத்து புது அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும். அதற்கென்று என் ஓரகத்தி, அதாவது கணவருடைய அண்ணி, ஒரு பித்தளைப் பானையைப் புளி போட்டுத் துலக்கி, கழுத்தில் மஞ்சள் கட்டி, பொட்டு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். சாஸ்திரிகள் பூவைச் சார்த்தினார். எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். மகள் பொத்தானை அழுத்தினாள்.

அடுப்பு பீப் பீப் என்றது. அணைந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி பீப் பீப்.

ஒரு மாதமாக வாழைப்பழ பொம்மையும் கையுமாக அலைந்த மனிதரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பித்தளைக்குக் காந்தம் ஒட்டாது. நல்ல காரியத்துக்குப் பித்தளைதான் என்பது புத்தியில் அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருந்ததால், அந்தப் பானையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

"நல்ல நேரம் போயிண்டிருக்கு" என்றார் சாஸ்திரிகள். பின்வரிசையில் யாரோ சகுனத்தைப் பற்றி முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மச்சாண்டாருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா?

"அப்பவே சொன்னேன். தீ இல்லாத ஊடு ஊடே கெடையாதுன்னு. பக்கத்து ஊட்டுல சிலிண்டர் இருக்கும். ரெண்டு பேரு போயித் தூக்கினு வாங்கடா."

இரண்டு பேர் கிளம்பியேவிட்டார்கள்.

"வேணாம்ணா" என்றார் கணவர்.

"ஏன்டா வேணாம்?"

"பொண்ணு ஆசப்பட்டா."

"நான் எப்பப்பா ஆசப்பட்டேன்?" என்றாள் மகள். பாவம், அவளிடம் இந்த விஷயத்தைச் சொல்லிவைக்க மறந்திருந்தோம்.

சிரிப்பு எழுந்தது. மச்சாண்டார் வாசலைப் பார்த்துக் கையை ஆட்டினார். கணவர் போய் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு வாசன தெரியாதுண்ணா. கொரோனா காய்ச்சல்ல போனது, திரும்பி வரல. கேஸ் கசிஞ்சா எனக்குத் தெரியாது. போன மாசம் கசிஞ்சப்ப இவ வந்து புடிக்கலன்னா நான் இங்க நிக்க மாட்டேன். இந்த ஊட்டுக்குள்ள சிலிண்டர் வரக் கூடாது."

இத்தனை வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்ததை, சாம்பாருக்கு ஆசைப்பட்டு வந்த அத்தனை பேர் முன்னாலும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மகள் அவர் அருகில் போய் நின்றுகொண்டாள். மச்சாண்டார் திட்டுவார், அல்லது ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் இரண்டும் செய்யவில்லை.

"எனக்கும் அப்பதான்டா போச்சு" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எது?" என்றாள் ஓரகத்தி.

"அதான். வாசன. உங்க ஊட்டுக்கு வர்றப்பலாம் சாம்பார் வாசன தூக்குதுன்னு சொல்லுவேன்ல. சும்மா சொன்னதுதான். ஒண்ணும் தெரியாது."

தம்பி அண்ணனைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். வெட்கச் சிரிப்பு. அதைப் பார்த்து மற்றவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். பாய் ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை எங்கிருந்தோ தேடி எடுத்துவந்து சாஸ்திரிகளிடம் நீட்டினார்.

ஓரகத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஆரத்தித் தட்டை மெல்லக் கீழே வைத்தாள். எப்போதும் தன் கணவரை 'வாங்க, போங்க' என்றே பேசுகிறவள்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரெண்டு சிலிண்டர வெச்சிக்கினு நடுவுல ஒக்காந்திருக்கியே. நான் பாட்டுக்குப் பூ விக்கப் போயிடறேனே" என்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஆபீஸ் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இத்தினி வருஷம் இத வயித்துல வெச்சிக்கினு நீ எப்படிமா ஆபீசுக்குப் போய் வந்த?"

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கேட்கும்படி நானும் விட்டதில்லை. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, அத்தனை பேர் நடுவில், நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

பால் பொங்கியது. புதுவீட்டுப் பாலின் முதல் டம்ளர் வீட்டின் மூத்தவர்களுக்குப் போக வேண்டும். சாஸ்திரிகள் அதை மச்சாண்டார் பக்கம்தான் காட்டினார். கணவர் டம்ளரை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"எனக்கு மட்டும்தான் போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன். உன் நிம்மதி போனத பாக்கல" என்றார். "குடி."

மச்சாண்டார் சரி என்று தலையாட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தேன்.